உறைபனியில் ஆவி விடும் பெட்டி

ஜனவரி மாதக் காலை, இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பின்தோட்டம். புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது. மூலையில் இடுப்புக்குச் சற்று மேலே வரும் உயரத்தில், குப்பையை மக்கவைத்து உரமாக்கும் ஒரு கறுப்புப் பெட்டி நிற்கிறது. மூடியைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடிக்கிறது. உள்ளே குத்தி வைத்த வெப்பமானி 55 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. மின் இணைப்பு எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் உருளைக்கிழங்குத் தோல், டீத்தூள் சக்கை, கிழித்துப் போட்ட அட்டைப்பெட்டி, கொஞ்சம் மரச்சில்லு.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சூடு புதிதல்ல. மார்கழிக் காலையில் எருக்குழியைக் கிளறினால் ஆவி எழும். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே வெந்து கறுத்துப்போகும். சில நேரம் தானாகவே தீப்பிடிக்கும். எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: பாக்டீரியாக்களின் சாப்பாடு. 1 கிராம் குளுக்கோஸ் ஆக்சிஜனோடு முழுதாகச் சேர்ந்தால் ஏறக்குறைய 15.6 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். அதை அடுப்பில் எரித்தாலும் சரி, பாக்டீரியா தின்றாலும் சரி, கணக்கு மாறாது. பாக்டீரியா தன் உடம்பை வளர்க்க அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மிச்சமெல்லாம் சூடாக வெளியே போகிறது.

முதலில் வேலை செய்பவை மிதமான சூட்டை விரும்பும் வகைகள். 40 டிகிரியைத் தாண்டியதும், தாங்கள் கிளப்பிய சூட்டிலேயே அவற்றால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. அதுவரை ஓரமாகக் காத்திருந்த, வெப்பம் விரும்பும் வகைகள் அப்போது பெருகத் தொடங்கும். 65 டிகிரிக்கு மேல் போனால் அவையும் தளர்ந்துவிடும்.

அப்படியானால் நம் வீட்டுக் குப்பை வாளி ஏன் சூடாவதில்லை? அளவுதான் காரணம். சூடு பிறப்பது குவியலின் உள்ளே, தப்பிப்பது அதன் மேற்பரப்பு வழியாக. ஒரு மீட்டர் கனசதுரத்தில் ஒரு லிட்டர் குப்பைக்கு 60 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு. 30 சென்டிமீட்டர் கனசதுரத்திலோ ஒரு லிட்டருக்கு 200. சின்னக் குவியல் மூன்று மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டை இழக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிரஷ் டர்க்கி என்றொரு பறவை இருக்கிறது. அது முட்டையை அடைகாப்பதே இல்லை. ஆண் பறவை சருகுகளை ஓர் ஆள் மார்பளவுக்குக் குவிக்க, அது மக்கும் சூட்டில் குஞ்சு பொரிகிறது. அலகை உள்ளே விட்டுப் பார்த்து, சூடு கூடினால் சருகைத் தள்ளும், குறைந்தால் சேர்க்கும். கையளவு சருகு உதவாது என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

பண்ணை வைத்திருப்பவருக்கும் இது சிக்கலில்லை. ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் 1920களில் இந்தூரில் உருவாக்கிய கம்போஸ்ட் முறைக்கு மாட்டுக் கொட்டகையும் வயல் கழிவும் தாராளமாக இருந்தன. வாரத்துக்கு ஒன்றிரண்டு வாளி குப்பை மட்டுமே சேரும் வீட்டுக்காரர் என்ன செய்வார்? அவருக்காக வந்ததுதான் வெப்பக்காப்புப் பெட்டி. பிரிட்டனில் பரவலாக விற்கும் ஹாட்பின் என்ற பெட்டி 200 லிட்டர் கொள்ளும். அதன் சுவர் நுரைபோல ஊதப்பட்ட பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். கார் பம்பருக்குள் வைக்கிறார்களே, அதே வகைப் பொருள். நுரைக்குள் சிறைப்பட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது. பிளாஸ்க் காபி போடாது, போட்ட காபியை ஆறவிடாது, அவ்வளவுதான். இந்தப் பெட்டியும் அப்படித்தான். ஒரு மாதம் ஒன்றும் போடாமல் விட்டுவிட்டு ஆறிப்போய்விட்டதே என்று அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சூட்டைக் காக்க மூட வேண்டும், சூட்டை உண்டாக்கவோ காற்றை விட வேண்டும். இந்த இழுபறியில்தான் பெட்டியின் சூட்சுமம் இருக்கிறது. அடியில் சிறு துளைகள், மூடியில் திருகித் திறக்கும் ஒரு வால்வு. சூடான ஈரக்காற்று மேலே வெளியேற, அடியிலிருந்து புதுக்காற்று தானாக உள்ளே இழுபடும். புகைபோக்கியின் வேலை இதேதான். வால்வை அதிகம் திறந்துவிட்டாலும் ஆபத்து: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது 2,300 கிலோஜூலுக்கு மேல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். குளிர்காலத்தில் மயிரிழை அளவு திறந்தால் போதும்.

காற்று உள்ளே வந்தாலும் குப்பைக்குள் புக வழி வேண்டுமே. காய்கறிக் கழிவில் பெரும்பங்கு தண்ணீர்தான். அது கசிந்து இடைவெளிகளை அடைத்துவிட்டால் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகள் ஆட்சியைப் பிடிக்கும். அதே சர்க்கரையிலிருந்து அவை வெளிப்படுத்தும் ஆற்றல் பத்தில் ஒரு பங்குகூட இராது. பெட்டி ஆறும், அழுகல் நாற்றம் கிளம்பும். அட்டையும் காகிதமும் நீரை உறிஞ்சும். மரச்சில்லு காற்றுக்கு வழிவிடும். சீக்கிரம் மக்காததால் கடைசியில் சலித்தெடுத்து மறுபடி போடலாம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் இன்னும் அட்டை.

அட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் பாக்டீரியாக்களுக்குச் சரியான சாப்பாடு. வெட்டிய பச்சைப்புல்லை மட்டும் கொட்டினால் சூடு விறுவிறுவென்று ஏறும், ஆனால் மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாக மூக்கைத் துளைக்கும்.

உறைந்த குப்பையை எழுப்ப, கொதிநீர் ஊற்றிய பாட்டிலைக் குவியலுக்குள் புதைப்பார்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பலிக்கும். குளிரில் முடங்கிய பாக்டீரியாக்களுக்குச் சற்று வெதுவெதுப்பு கிடைத்தால் அவை தின்னத் தொடங்கும், தின்னத் தொடங்கினால் சூடும் தானே வரும்.

55 டிகிரியில் மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை மடியும், களை விதைகளும் அநேகமாக வெந்துவிடும். ஆனால் பெட்டியின் எல்லா மூலையும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. அதனால் நாய், பூனைக் கழிவை நான் அதில் போடமாட்டேன்.

மூன்று மாதத்தில் அடியில் கறுப்பாக மட்கு கிடைக்கும். சூடு நின்றதும் வேலை முடிந்துவிடாது. மரத்தின் கெட்டியான லிக்னினை உடைப்பவை முக்கியமாகப் பூஞ்சைகள். கடும் சூட்டில் அவற்றுக்கு இடமில்லை. வெளியே எடுத்துச் சில வாரம் ஆறப்போட்டால்தான் அவை வந்து மிச்சத்தைப் பார்க்கும். மண்வாசனை வந்துவிட்டால் பாத்தியில் இடலாம்.

சென்னை மாடித்தோட்டத்துக்கு இந்தப் பெட்டி தேவையா? சூட்டின் இழப்பு உள்ளுக்கும் வெளிக்குமுள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. இங்கிலாந்துப் பனியில் அது 55 டிகிரி, சென்னை வெயிலில் 20 சொச்சம். அங்கே விலை கொடுத்து நுரைச்சுவர் வாங்குவதை விட, பக்கத்து வீட்டுக் குப்பையையும் கேட்டு வாங்கிக் குவியலைப் பெரிதாக்குவது மேல். அப்புறம் அங்கே காய்ந்துபோவதுதான் தொல்லை. சருகும் தேங்காய் நாரும் கலந்து, மேலே ஈரச்சாக்கு போட்டு மூடிவிடுங்கள்.