‘நானே’ என்று அடம்பிடிக்கும் வயது

ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் ஆலோசனைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். இதுவரை சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை இப்போது எதற்கெடுத்தாலும் ‘வேண்டாம்’ என்கிறது, காலணி மாட்டிவிடப் போனால் காலை இழுத்துக்கொள்கிறது, மாட்டிவிட்டாலோ கழற்றி எறிந்துவிட்டுத் தானே மாட்டிக்கொள்ள முனைகிறது. செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் விளைவு இது என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்பும் சொல்லியிருப்பார்கள். உண்மையில் இது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல, வளர்ச்சியின் அறிகுறி.

குழந்தைக்குத் தெரியாமல் அதன் மூக்கில் சிறிது வண்ணம் தடவிக் கண்ணாடி முன் நிறுத்திப் பார்க்கும் சோதனை ஒன்றை உளவியலாளர் பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972இல் வெளியிட்டார். ஏறத்தாழ 18 முதல் 24 மாதங்களுக்குள் பெரும்பாலான குழந்தைகள் கண்ணாடியில் தெரியும் உருவத்தைத் தொடாமல் தங்கள் மூக்கையே தொட்டுப் பார்க்கின்றன; கண்ணாடியில் தெரிவது தாமே என்று புரிந்துகொண்டதன் அடையாளம் இது. ‘நான்’ என்ற ஒருவர் இருப்பது தெரியவந்த பிறகுதான் அந்த ‘நானு’க்கு ஒரு விருப்பம் இருப்பதும், அது அம்மாவின் விருப்பத்திலிருந்து வேறாக இருக்கலாம் என்பதும் பிடிபடத் தொடங்குகின்றன. உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் முன்வைத்த வளர்ச்சிப் படிநிலைகளில் இரண்டாவது இந்தப் பருவத்துக்கு உரியது. இதில் குழந்தை ஒருபுறம் தன்னுரிமையையும் மறுபுறம் வெட்கத்தையும் ஐயத்தையும் எதிர்கொள்கிறது என்றார் அவர். தன் முயற்சி மீண்டும் மீண்டும் பறிக்கப்படும்போதும் கேலி செய்யப்படும்போதும் ‘என்னால் முடியாதோ’ என்ற ஐயம் அதற்குள் குடியேறுகிறது.

கேலியைவிட அவசரமே அதிகம் கெடுக்கிறது என்பது என் கணிப்பு. ஆலோசனை அறையில் மூடி போட்ட ஒரு சிறு டப்பாவைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுப் பெற்றோரிடம் பேசிக்கொண்டிருப்பது என் வழக்கம். குழந்தை மூடியை இழுக்கும், தலைகீழாகப் பிடிக்கும், தரையில் தட்டும், பிறகு விளிம்பில் விரல் நுழையும் இடத்தைத் தேடும். அந்தக் கணத்தில், பேச்சு நடுவிலேயே, பெரியவரின் கை நீண்டு மூடியைத் திறந்துவிடும், அன்பினால்தான். அடுத்த டப்பா கைக்கு வந்ததும் சில குழந்தைகள் விளிம்பைத் தேடாமல் அப்படியே பெற்றோரிடம் நீட்டிவிடுகின்றன. முயற்சி செய்யத் தேவையில்லை என்பதை அவை அவ்வளவு விரைவில் கற்றுக்கொள்கின்றன.

உதவவே கூடாது என்பதல்ல. 1976இல் உட், புரூனர், ராஸ் ஆகிய உளவியலாளர்கள் இத்தகைய உதவியைக் கட்டடம் எழும்வரை நிற்கும் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். சட்டையின் ஜிப்பை அடியில் பொருத்திக் கொடுத்துவிட்டு மேலே இழுப்பதைக் குழந்தையிடம் விட்டுவிடலாம். அதற்கும் பழகிவிட்டால் மறுவாரம் பொருத்துவதையும் விட்டுப் பார்க்கலாம். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதெல்லாம் நடக்காது என்பது எனக்கும் தெரியும். மாலையில் ஒரு வேளை போதும்.

பாராட்டிலும் கவனம் தேவை. 14 முதல் 38 மாத வயதில் பெற்றோர் வீட்டில் பேசியதைப் பதிவுசெய்து, அதே குழந்தைகளை 7, 8 வயதில் மீண்டும் சந்தித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. பெற்றோரின் பாராட்டில் முயற்சியைக் குறித்த பங்கு கூடுதலாக இருந்த குழந்தைகள், பின்னாளில் கடினமான வேலைகளை அதிகம் விரும்பினார்கள். இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவிவிடவில்லை. ஆயினும் ‘கெட்டிக்காரி’ என்பதைவிட, ‘விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாயே’ என்பது குழந்தைக்குத் தான் என்ன செய்தோம் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது.

தன்னுரிமை என்றால் கட்டுப்பாடே இல்லாமை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். குளித்தே ஆக வேண்டும் என்றால் ‘குளிக்கலாமா?’ என்று கேட்க வேண்டாம். சிவப்புக் குவளையா நீலக் குவளையா என்று கேளுங்கள். அதற்கும் அழுது புரண்டால், உணர்ச்சியை அடக்க உதவும் மூளையின் முன்பகுதி இந்த வயதில் இப்போதுதான் முதிரத் தொடங்கியிருக்கிறது என்பதை நினைவில் கொண்டு, முடிவை மாற்றாமல், திட்டாமல், அருகிலேயே இருங்கள்.

அந்த அருகாமைதான் துணிவுக்கு அடித்தளம். திரும்பி வந்தால் அம்மாவோ அப்பாவோ அங்கேயே இருப்பார்கள் என்ற உறுதி உள்ள குழந்தைதான் துணிந்து தள்ளிப் போய் விளையாடும் என்பதை உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த்தின் ஆய்வுகள் காட்டின. ஆகவே ஒட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பழக்குவதாக எண்ணி விலக்குவதும், சொல்லாமல் நழுவிப் போவதும் எதிர்விளைவையே தரும். ‘போய்விட்டுச் சாயங்காலம் வருவேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள்; அழுதாலும் பரவாயில்லை.

ஒன்று மட்டும்: எல்லாவற்றையும் வயதின் இயல்பு என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, பேசிய சொற்களையோ பழகிய திறன்களையோ இழப்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும், தானாகச் சரியாகும் என்று காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் சோதனையையும் வளர்ச்சி மதிப்பீட்டையும் உடனே செய்துகொள்ள வேண்டும்.