சைபர்: சொல் விளக்கம்

'கணக்கில் சைபர் வாங்கிட்டான்' என்கிறோமே, அந்தச் சைபர் ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த அரபுச் சொல். மூலம் 'ஸிஃப்ர்': வெறுமை, ஒன்றுமில்லாதது. சமஸ்கிருதச் 'சூன்யம்' என்பதற்கும் அதே பொருள்தான். அரபு அறிஞர்கள் அந்தச் சொல்லின் ஒலியை அப்படியே எடுக்காமல், பொருளைத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள்.

பூஜ்ஜியத்தை ஓர் எண்ணாகவே கொண்டு, அதைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் எழுதியவர் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர், ஆண்டு 628. குவாலியரில் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் கோயில் தோட்டத்தின் நீளம் 270 முழம் என்று இருக்கிறது. கடைசி இலக்கம் ஒரு சின்ன வட்டம், இன்று நாம் எழுதுகிற அதே வட்டம்.

இஸ்லாமிய உலகம் பூஜ்ஜியத்தை வாங்கி ஐரோப்பாவிடம் கொடுத்த தபால்காரர் மட்டும்தான் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மி இந்தியக் கணக்குமுறைக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதன் அரபு மூலம் தொலைந்துபோய், லத்தீன் வடிவம்தான் மிஞ்சியது. லத்தீனில் திரிந்த அவர் பெயர்தான் இன்றைய 'அல்காரிதம்'. அவருடைய இன்னொரு நூலின் தலைப்பில் உள்ள 'அல்-ஜப்ர்' அல்ஜீப்ரா ஆனது. 10-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி, ஒன்றின் இடத்து இலக்கத்தின் மேல் ஒரு கோடு போட்டுத் தசம பின்னங்களை எழுதிக் காட்டினார். சமர்கந்தில் அல்-காஷி 1424-இல் வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 'பை' (π) என்ற எண்ணின் மதிப்பை 16 தசம இடங்கள் வரை கணக்கிட்டார்.

அப்புறம் 1202-இல் இத்தாலியரான ஃபிபொனாச்சி 'ஸிஃப்ர்' என்பதை லத்தீனில் 'ஸெஃபிரும்' என்று எழுதினார். அது இத்தாலியில் தேய்ந்து தேய்ந்து 'ஜீரோ' ஆயிற்று. ஆக, சைபரும் ஜீரோவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

தமிழில்? பழைய தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறிகள் (௰, ௱, ௲) உண்டு. 205-ஐ ௨௱௫ என்று எழுதினால் போதும். நடுவே வெற்றிடம் காட்ட வேண்டியதில்லை. இன்று பேச்சில் பூஜ்ஜியம், எழுத்தில் பூச்சியம், சுழி, சுழியம் எல்லாம் வழங்குகின்றன. என் தேர்வு சுழியம். சுழி என்றாலே வளைவு, வட்டம். குறியின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்.

ஒரு எச்சரிக்கை. 'சைபர் குற்றம்' என்பதில் வரும் சைபர் வேறு. அது சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்தது. தமிழ் எழுத்தில்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. அதை 'இணையக் குற்றம்' என்று எழுதினால் குழப்பம் வராது.