பழைய லெப்டொப்புக்கு எந்த லினக்ஸ்?

போன மாதம் மஸ்கெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலை டீச்சர் ஒருவர், லெப்டொப்பைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஹட்டனில் உள்ள என் கடைக்கு வந்தார். "தம்பி, விண்டோஸ் 10க்கு இனி ஒன்னும் வராதாமே. புதுசுதான் வாங்கணுமா?"

திறந்து பார்த்தேன். ஐ3, நாலாம் தலைமுறை. ரேம் 4 ஜிபி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். ஒன் பண்ணினால் வேலை தொடங்க நாலைந்து நிமிடம். மற்றபடி ஸ்க்ரீன், கீபோர்ட் எல்லாம் நல்ல நிலையில். இதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டீச்சர் கேள்விப்பட்டது உண்மைதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும் வேண்டும். கொழும்பிலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்து, அண்ணன் படித்து முடித்ததும் தங்கை கைக்குப் போகிற லெப்டொப்புகளில் நிறைய இந்த வரம்புக்குள் வராது. அப்டேட் வராவிட்டாலும் மெஷின் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. வங்கிக் கணக்கைத் திறக்கிற மெஷினை அப்படி வைத்திருக்கக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விண்டோஸை இலவசமாக 'எக்டிவேட்' பண்ணித் தருகிறோம் என்று வரும் சின்ன புரோகிராம்கள், முதல் வேலையாக வைரஸ் கார்டை (அன்டிவைரஸை) நிறுத்தச் சொல்லும். பூட்டைக் கழற்றி வைக்கச் சொல்கிறவனை வீட்டுக்குள் விடுவீர்களா?

இதற்கு ஒரு வழி லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அதில் பல வகை உண்டு, ஒவ்வொன்றையும் டிஸ்ட்ரோ என்பார்கள். சரி, லினக்ஸ் என்று முடிவெடுத்தால் எது? இளம் பிள்ளைகள் வந்தால் பெரும்பாலும் 'காலி' (Kali) லினக்ஸ்தான் கேட்கிறார்கள். வீடியோவில் ஹெக்கிங் பார்த்த ஆசை. அது பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களுக்கான கருவிப்பெட்டி. லினக்ஸ் பழகாதவர்களுக்கும் அன்றாட வீட்டுப் பாவனைக்கும் ஏற்றதல்ல என்று அதைத் தயாரிப்பவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆர்ச் நல்லது, ஆனால் முதல் லினக்ஸாக வேண்டாம். உபுண்டு, சோரின் இரண்டும் நல்லவை. ஆனால் 4 ஜிபி மெஷினில் அவற்றின் வழமையான டெஸ்க்டொப் கனமாக இருக்கிறது.

நான் போட்டுக் கொடுப்பது லினக்ஸ் மின்ட். அது உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணிக்கூடு. விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. எங்கள் பக்கத்தில் இது முக்கியம். கோயில் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் வருகிற தோட்டங்களில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிற டிஸ்ட்ரோ சரிவராது. மின்ட்டின் ஃபைல் ஏறத்தாழ 3 ஜிபி. டவுனில் யாரிடமாவது சொல்லி இறக்கிப் பென் ட்ரைவில் கொண்டுபோங்கள். இறக்கியதும் செக்சம் (ஃபைல் பிழையின்றி முழுதாக வந்ததா என்று காட்டும் எண்) பாருங்கள். பாதியில் அறுந்த ஃபைலை வைத்துக்கொண்டு 'லினக்ஸ் சரியில்லை' என்று வந்தவர்கள் பலர்.

மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி என்கிறார்கள். என் அனுபவத்தில் 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டொப் உள்ள பதிப்பு, 8 ஜிபி என்றால் சற்றுக் கனமான சினமன் பதிப்பு. 2 ஜிபி என்றால் உபுண்டுவின் இலகுவான வகையான லுபுண்டு போடலாம், ஆனால் பிரவுசரில் நாலு டெப் திறந்ததும் திணறும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் டிஸ்ட்ரோவைப் பற்றி யோசிக்கும் முன்னே ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டுவிடுங்கள். எந்த டிஸ்ட்ரோவும் தராத வேகத்தை அது தரும்.

டீச்சரின் மெஷினில் உடனே நிறுவவில்லை. பென் ட்ரைவைச் செருகி, ஒன் பண்ணும்போது எஃப் 12ஐத் தட்டி (சில மெஷினில் எஃப் 9, சிலதில் எஸ்கேப்), டிஸ்க்கைத் தொடாமலே மின்ட்டை ஓட விட்டேன். இதை லைவ் என்பார்கள். எதைப் பார்க்க வேண்டுமோ அதை இங்கேயே பார்த்துவிடலாம். முதலில் வைஃபை. வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம், போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு (போனின் இன்டர்நெட்டை லெப்டொப்புக்குக் கொடுத்து) டிரைவர் மெனேஜரைத் திறந்தால் பல நேரம் தேவையான டிரைவரை அதுவே தேடித் தரும். அப்புறம் சத்தம், கமரா, பிரிண்டர். பிரிண்டரில் கவனம் தேவை. சில பழைய சிறிய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் பெரும்பாடு படுத்தும்.

டீச்சரின் கவலை வேறு. "பத்து வருசப் பரீட்சைத் தாள் இதுலதான் இருக்கு, தம்பி." ஒன்றைத் திறந்தேன். பக்கம் முழுக்க அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக நிறைந்திருந்தது. டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் ஃபொண்டில் அடித்தவை. அந்த ஃபொண்டில் 'எம்' எழுத்தை அடித்தால் 'அ' வரும். ஃபொண்ட் இல்லாத மெஷினில் வெறும் எம் ஆகவே நிற்கும். அவர் விண்டோஸில் இருந்த பாமினி ஃபைலை எடுத்து மின்ட்டில் போட்டு, வேர்ட் போன்ற லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தேன். 'தரம் 8, இரண்டாம் தவணை' என்று தமிழில் வந்து நின்றது. ஃபொண்ட் மாறினாலும் எழுத்து மாறாத யூனிகோடில் அடிக்க, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இங்கே பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகை மூன்றும் கிடைக்கும்.

இனி நிறுவுவது. இங்கேதான் கண்ணீர் வடிக்கிறார்கள். நிறுவும்போது ஒரு இடத்தில் முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டுப் போடவா, விண்டோஸுக்குப் பக்கத்தில் போடவா என்று கேட்கும். கொட்டகலைத் தம்பி ஒருவர் வீடியோ பார்த்தபடியே முதலாவதை அழுத்திவிட்டார். டி டிரைவ் வேறு, அது தப்பிவிடும் என்று நினைத்திருக்கிறார். சி, டி எல்லாம் ஒரே டிஸ்க்கில் கீறிய கோடுகள்தான். இறந்துபோன அப்பாவின் படங்கள் அதில் இருந்தன. இரண்டு நாள் முயன்று கொஞ்சம் மீட்டேன், எல்லாம் வரவில்லை. அதனால் யார் வந்தாலும் முதலில் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வேறு மெஷினில் திறந்து காட்டிவிட்டுத்தான் கைவைக்கிறேன்.

நேரமும் பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரமானால் இடி, கூடவே கரண்ட் கட். பழைய பெட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. காலையிலேயே நிறுவி முடியுங்கள். முடிந்த கையோடு டைம்ஷிஃப்ட் என்ற புரோகிராமைத் திறந்து ஒரு ஸ்னப்ஷொட் (சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் பிரதி) எடுங்கள். ஏதாவது அப்டேட் சிஸ்டத்தைக் குழப்பினால் பழைய நிலைக்குப் போகலாம். ஆனால் அது சிஸ்டத்துக்குத்தான், உங்கள் படங்களுக்கு அல்ல.

எல்லோருக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுப்பதில்லை. கடைக் கணக்குக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பி இருக்கிற முதலாளிமார், மைக்ரோசொஃப்ட் எக்செல்லில் மெக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) எழுதி அனுப்ப வேண்டியவர்கள் வந்தால், காசு சேர்த்துப் புது மெஷின் எடுங்கள் என்றே சொல்கிறேன். டீச்சருக்கு அந்தத் தேவை இல்லை. இரண்டு நாள் கழித்து வந்து, மின்ட் போட்ட லெப்டொப்பை அதே துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டுக்குப் போய் அன்றிரவே அழைத்தார். பிரிண்டர் கேபிளை எங்கே செருகுவது என்று கேட்கத்தான்.