‘ஸ்மார்ட்’ என்றால் பொலிவு இல்லை

‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்துக்குத் தமிழில் வைத்த ‘பொலிவுறு நகரத் திட்டம்’ என்ற பெயரைப் பெயர்ப்பலகையிலும் செய்தித்தாளிலும் பார்த்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். இப்போது அது பிள்ளைகளின் நோட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் ஆங்கிலச் சொற்பொருள் மனப்பாடம் செய்கிறான்: “ஸ்மார்ட் – பொலிவான.” அப்படியானால் ஸ்மார்ட்போன் என்றால் என்னடா என்று கேட்டேன். “பளபளன்னு இருக்குற போன், மாமா” என்றான். அவன் மேல் தப்பில்லை, எழுதிக் கொடுத்ததைப் படித்திருக்கிறான்.

சொல்லின் கதை சின்னது. பழைய ஆங்கிலத்தில் இது வலியையும் எரிச்சலையும் குறித்த சொல். ஜெர்மனில் வலியை இன்றைக்கும் ‘ஷ்மெர்ட்ஸ்’ என்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. கண்ணில் சோப்பு பட்டு எரிந்தால் ஆங்கிலத்தில் ‘ஸ்மார்ட்டிங்’ என்பது இப்போதும் வழக்கம்தான். குத்துகிற வலி கூர்மையாயிற்று, கூர்மை வேகமாயிற்று, வேகம் அப்புறம் புத்திக்கு ஏறியது. உடுப்புக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில். 1970களில் இலக்கைத் தானே தேடிப்போகும் குண்டுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அட்டை, போன், மீட்டர், நகரம் எல்லாம் அந்தக் குண்டின் வழியாக வந்த வாரிசுகள். இன்றும் பிரிட்டனில் இந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நல்ல சட்டை நினைவுக்கு வரும்; அமெரிக்காவில் நல்ல மூளை.

நம் மொழிபெயர்ப்பாளர் பிடித்தது அந்தச் சட்டையை. மதுரை மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடிய காலத்தில், அங்கே சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தவனைப் ‘பொலிவாக இருக்கிறாய்’ என்று சொல்லியிருக்கலாம். அதற்கும்கூட ‘மிடுக்கு’, ‘எடுப்பு’ என்று இன்னும் பொருத்தமான சொற்கள் உண்டு. நகரத்துக்கு எப்படிப் பொலிவு ஒட்டும்?

பொலிவு ஒன்றும் மோசமான சொல் இல்லை. ‘பொலி’ களத்து மேட்டுச் சொல். தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியவர்களைக் கேளுங்கள், மாடு கட்டிப் போரடித்த காலத்தில் ‘பொலியோ பொலி’ என்று குரல் கொடுத்ததைச் சொல்வார்கள். விளைச்சல், பெருக்கம், செழிப்பு, அதிலிருந்து முகத்தில் தெரியும் ஒளி என்று பொருள் விரிந்தது. (மாட்டுக்காரர்களிடம் போய்ப் பொலி என்றால் பொலிகாளையைக் காட்டுவார்கள். அது வேறு பெருக்கம்.) இன்றைக்குப் பொலிவு என்றதும் நமக்கு வருவது முகப்பொலிவு க்ரீம். ஆகப் பொலிவுறு நகரம் என்றால் பேஷியல் செய்துகொண்ட நகரம்.

அந்தத் திட்டம் சொன்னது அதை இல்லை. 2015 ஜூனில் 100 நகரங்களை இலக்காக வைத்து மத்திய அரசு தொடங்கியது. 2016 செப்டம்பர் பட்டியலில் மதுரை வந்தது. தண்ணீர், போக்குவரத்து, விளக்கு எல்லாம் தகவலைப் பார்த்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதில் ‘ஸ்மார்ட்’. சித்திரை வீதியில் கல் பாவினார்கள், பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஊர்க்காரர்கள் கல்லையும் கட்டடத்தையும் பார்த்துவிட்டுப் ‘பொலிவுதான்யா’ என்று ஒத்துக்கொண்டார்கள். பெயரே அப்படி இருக்கும்போது, சிக்னல் ஏன் ஆளில்லாத பக்கம் பச்சை காட்டிக்கொண்டு நிற்கிறது என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

இன்னொரு அணி ‘சீர்மிகு’ என்கிறது. அது வாழ்த்துமடல் நடை. கல்யாணப் பத்திரிகையிலும் வைக்கலாம்.

‘திறன்’ கொஞ்சம் தேவலாம். திறன்பேசி நிலைத்துவிட்டது, அதைப் பிடுங்க வேண்டாம். ஆனால் அதையே எல்லாவற்றிலும் ஒட்டினால் சிக்கல். பள்ளி இயற்பியலில் திறன் என்பது ‘பவர்’. குதிரைத்திறன், மின்திறன் எல்லாம் அந்தக் கணக்கு. ‘திறன்மிகு மின்மீட்டர்’ என்றால் கரண்டை அதிகமாக இழுக்கிற மீட்டர் என்றுதானே வீட்டுக்காரர் பயப்படுவார்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து, எட்டிப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போகிற வேலையை இது தானே செய்து அனுப்பிவிடும். விஷயம் அவ்வளவுதான்.

ஒலியை மட்டும் தமிழாக்குகிறவர்களும் உண்டு. ‘சுமார்ட்போன்’ என்று எழுதுகிறார்கள். ‘ட்’டை விழுங்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். இருபதாயிரம் கொடுத்து வாங்கியது சுமாரான போன்!

இத்தனைக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. ‘பய சூட்டிகையானவன்’ என்று எந்தப் பிள்ளையைச் சொல்வோம்? ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிறவனை, சொல்லாமலேகூடக் குறிப்பறிந்து செய்கிறவனை. கருவிக்கு வேண்டிய பொருளும் அதேதான். அதில் ‘சூடு’ ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ‘சுறுக்கு’ என்பதையும் பாருங்கள்: முள் சுறுக்கென்று குத்தும், கடைக்குப் போன பையன் சுறுக்காக வருவான். வலிக்கும் வேகத்துக்கும் ஒரே சொல். ஆங்கிலக்காரன் நடந்த வழியை நாமும் நம் பாட்டுக்கு நடந்திருக்கிறோம். சூட்டிகை வேளாண்மை என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். சூட்டிகை மீட்டர், சூட்டிகை நகரம் என்பதில் என்ன தடை? கேட்டால் அது ‘பேச்சு வழக்கு’ என்பார்கள். பேச்சில் உயிரோடு இருக்கிற சொல் கோப்புக்குள் வரக்கூடாது என்பது இவர்களுடைய தூய்மை.

கோப்புத் தமிழே தனிச் சாதி. ஹைமாஸ்ட் விளக்குக்கு ‘உயர்கோபுர மின்விளக்கு’ என்று கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடியில் நிற்கிற ஊரில், ஓர் இரும்புக் கம்பத்துக்கு உயர்கோபுரம் என்று பெயர்! ‘உயர்கம்ப விளக்கு’ என்று எழுதினால் கம்பத்துக்கா கௌரவம் குறைந்துவிடும்? அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படுவதை எடுத்து, கூட ஒரு ‘மிகு’வோ ‘உறு’வோ சேர்த்துவிட்டால் தமிழாகிவிட்டது என்ற நினைப்பு.

ரேஷன் கார்டில் மட்டும் தப்பித்தோம். ஸ்மார்ட் கார்டு வந்தபோது அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டாமல், அட்டை என்ன வகையோ அதை எழுதினார்கள்: மின்னணு குடும்ப அட்டை. க்யூவில் நிற்கிற எந்த அம்மாவும் அதற்குப் பொருள் கேட்டு நான் பார்த்ததில்லை.