சொல் விளக்கம்: திங்க் டேங்க்

மதமும் அரசியலும் மோதிக்கொள்ளும் டிவி விவாதங்களில் பேசுபவரின் பெயருக்குக் கீழே 'ஆய்வாளர்' என்று போட்டுவிடுவார்கள். அவருக்குப் பின்னால் ஒரு திங்க் டேங்க், அதாவது கொள்கை விஷயங்களை ஆராய்ந்து யோசனை சொல்லும் நிறுவனம் இருக்கும், அதை யார் நடத்துகிறார்கள், யார் பணம் என்பதெல்லாம் பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் இது முதலில் மண்டையைக் குறித்த கிண்டல் வார்த்தை. 1960-களில்தான், அமெரிக்க விமானப்படைக்கான ஆய்வுத் திட்டமாகப் பிறந்து 1948-ல் தனி நிறுவனமான ராண்ட் போன்றவற்றுக்கு இந்தப் பெயர் நிலைத்தது. அப்புறம் ஆயுதம், பொருளாதாரம் எல்லாம் தாண்டி மதத்துக்கும் வந்தது. 1976-ல் வாஷிங்டனில் தொடங்கிய எதிக்ஸ் அண்ட் பப்ளிக் பாலிசி சென்டர், யூத-கிறிஸ்தவ அறநெறியை அரசுக் கொள்கையில் பொருத்துவதே தன் வேலை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையமோ பக்கம் சேராமல் கருத்துக்கணிப்பு நடத்துவதால் தன்னை 'ஃபேக்ட் டேங்க்' என்று அழைத்துக்கொள்கிறது. அதன் 2021 இந்திய அறிக்கையில், எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியராக இருக்க மிக முக்கியம் என்றவர்கள் 84 சதவீதம். இந்துப் பெண்கள் வேறு மதத்தில் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்ற இந்துக்கள் 67 சதவீதம். இரண்டும் ஒரே அறிக்கைதான், விவாதத்துக்கு வருபவர் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

நம்ம சென்னையிலும் உண்டு. சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ் 2003-ல் வெளியிட்ட நூல், சென்சஸ் எண்களை மதவாரியாக அடுக்கியது. எண்கள் அரசாங்கத்துடையவை, அவற்றை எப்படி அடுக்குவது, எதோடு ஒப்பிடுவது என்பது ஆய்வாளர்கள் எடுத்த முடிவு.

சரி, தமிழில்? 'சிந்தனைத் தொட்டி' என்று சிலர் எழுதுகிறார்கள், வேண்டாமே. 'சிந்தனைக் குழு' பரவலாக இருக்கிறது, ஆனால் குழு என்றதும் விசாரித்து அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்துபோகும் கமிட்டிதான் நினைவுக்கு வரும். பழந்தமிழில் அரசனுக்கு யோசனை சொல்ல ஐம்பெருங்குழு இருந்தது, அதில் அமைச்சரோடு புரோகிதருக்கும் இடம் உண்டு, ஆனால் அது அரசவைக்குள்ளேயே இருந்த அமைப்பு. உண்மையில் பொருத்தமான பழைய சொல் 'சூழ்ச்சி'. குறளில் அதற்கு ஆராய்ந்து எண்ணுதல் என்றே பொருள். இன்றைக்கு 'சூழ்ச்சியகம்' என்று போர்டு வைத்தால் போலீஸ் வரும், சில இடங்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும் என்பது வேறு கதை.

என் தேர்வு 'சிந்தனையகம்'. செய்தியில் எழுதும்போது 'வலதுசாரிச் சிந்தனையகம்', 'அரசு நிதியில் இயங்கும் சிந்தனையகம்' என்று அடைமொழியையும் சேர்த்தே எழுதுங்கள்.