கனமான டிரெய்லர் இழுக்க பிக்கப் வாங்கும் முன்: எடையும் லைசென்ஸும்

அமெரிக்காவில் பிக்கப் விளம்பரம் எதை எடுத்தாலும் "11,000 பவுண்டு இழுக்கும்" என்பது போன்ற எண்தான் பெரிதாக இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர்கள் சங்கம்) ஜே2807 தரமுறையில், முன் சீட்டில் தலைக்கு 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர் இருப்பதாக வைத்துத்தான் அந்தக் கணக்கு. குடும்பத்தோடு கிளம்பினால் கணக்கு மாறிவிடும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள். டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். மொத்த எடை வரம்பு (வண்டியும் சுமையும் சேர்த்து) 10,000 பவுண்டு வரை உள்ள வண்டிகளில் இதை ஒட்டியே ஆக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரே மாடலில்கூட வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும். அதனால் நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டியின் கதவைத் திறந்து பார்ப்பதுதான் சரி.

ஸ்டிக்கரில் 1,650 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் 9,000 பவுண்டு. சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் கொக்கி மேல் இறக்கும். 12 சதவீதம் என்றால் 1,080. மீதி 570. தலைக்கு 160 வீதம் நாலு பேர் ஏறினாலே 640! பெட்டி படுக்கை ஏற்றும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது. 11,000 இழுக்கும் வண்டிதான், ஆனாலும் இந்தப் பயணத்துக்கு அது போதாது.

அப்புறம் லைசென்ஸ். தொழிலுக்கு ஓட்டுகிறீர்கள், வண்டி, டிரெய்லர் இரண்டின் எடை வரம்பும் சேர்ந்து 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல், டிரெய்லரின் வரம்பு மட்டும் 10,000க்கு மேல் என்றால் 'ஏ' பிரிவு வணிக லைசென்ஸ் வேண்டும். 14,000 பவுண்டு வரம்புள்ள பிக்கப்பும் 12,000 வரம்புள்ள டிரெய்லரும் சேர்ந்தால் சரியாக 26,000, தேவையில்லை. 14,000 டிரெய்லரை மாட்டினால் தேவை. டிரெய்லர் காலி என்று சொல்லித் தப்ப முடியாது, ஏனென்றால் டிரெய்லரின் தகட்டில் உள்ள வரம்பையும் எடுத்துக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வணிக லைசென்ஸ் வேண்டாம். ஆனால் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இவ்வளவு எடைக்கு வணிகமல்லாத 'ஏ' லைசென்ஸ் கேட்பார்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு 10,001 பவுண்டிலேயே விதிகள் தொடங்கிவிடும்: மத்திய போக்குவரத்துத் துறையின் பதிவு எண், ஓட்டுநருக்கு மருத்துவச் சான்று. நடுத்தர பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்தாலே இந்த எடை வந்துவிடும். சின்ன அளவில் தொழில் செய்கிறவர்கள் பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பல மாநிலங்களில் டிரெய்லர் 3,000 பவுண்டைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் கட்டாயம், கலிஃபோர்னியாவில் தங்கும் வசதியுள்ள கேம்பிங் டிரெய்லர்களுக்கு 1,500 பவுண்டிலேயே. மின்சார பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் அதை இயக்கும் கன்ட்ரோலர் வண்டியில் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.