கார்ட்டூன்: கடதாசிக்குச் சொந்தக்காரச் சொல்

பரந்தனில் ஒரு பிள்ளை "அம்மா, காட்டூன் போடுங்கோ" என்று கேட்டால் அது தொலைக்காட்சி. கிளிநொச்சிச் சந்தையடித் தேத்தண்ணிக் கடையில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி ஒருவர் "இண்டையான் காட்டூனைப் பாத்தனீங்களே?" என்றால் அது அரசியல். அட்டை கிழிந்த இரும்புக்கை மாயாவியைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்து "இந்த வயசிலயும் காட்டூன் புத்தகமோ" என்று வீட்டில் கேட்டால் அது காமிக்ஸ். சொல் ஒன்று, பொருள் மூன்று. தமிழில் என்னவென்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் "கேலிச்சித்திரம்". அது மூன்றில் ஒன்றுக்குத்தான் பொருந்துகிறது, அதுவும் அரைகுறையாக.

முதலில் வேரைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'கார்த்தெஸ்' என்றால் பாப்பிரசுத் தாள். அது இலத்தீனில் 'கார்த்தா' ஆனது, இத்தாலியத்தில் 'கார்த்தா' என்றே தங்கியது. இத்தாலியத்தில் ஒரு சொல்லின் வாலில் 'ஓனே' சேர்த்தால் அது பெரிதாகிவிடும். 'கார்த்தோனே' என்றால் பெரிய, தடித்த தாள். நாங்கள் சொல்லும் மட்டை. ஆக, கார்ட்டூன் என்ற சொல்லின் தொடக்கத்தில் சிரிப்பும் இல்லை, அரசியலும் இல்லை, வெறும் மட்டைதான். பிஸ்கட் வந்து இறங்கும் கார்ட்டன் பெட்டியும் இதே குடும்பம்.

மட்டை எப்படிப் படமானது? தேவாலயச் சுவரில் ஓவியம் தீட்டுபவர் ஈரச் சாந்து காய்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும், நின்று யோசிக்க நேரமில்லை. அதனால் படத்தை முழு அளவில் தடித்த தாளில் முன்கூட்டியே வரைந்து, கோடுகள் நெடுகிலும் ஊசியால் துளையிட்டு, அதைச் சுவரில் ஒட்டிப் பிடித்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டுவார்கள். தாளை எடுத்தால் சுவரில் புள்ளிக் கோடு. அந்த மாதிரிப்படத்துக்குத்தான் கார்ட்டூன் என்று பெயர். சீலையில் எம்பிராய்டரிப் பூவேலை செய்பவர்கள் இன்றைக்கும் இதே வழியில்தான் பூவை இறக்குகிறார்கள். வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயத் திரைச்சீலைகளுக்காக ரபேல் 1515 அளவில் வரைந்த கார்ட்டூன்கள் இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை.

சிரிப்பு வந்தது 1843இல். பிரித்தானிய நாடாளுமன்றக் கட்டடம் 1834இல் எரிந்துபோக, புதிதாகக் கட்டியதன் சுவர்களுக்கு ஓவியம் தீட்டப் போட்டி வைத்து, வந்த மாதிரிப்படங்களை வெஸ்ட்மினிஸ்டர் மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார்கள். 'பஞ்ச்' என்ற நையாண்டிப் பத்திரிகை சும்மா இருக்குமா? நாங்களும் கார்ட்டூன் போடுகிறோம் என்று அறிவித்தது. ஜோன் லீச் வரைந்த முதல் படத்தில், கந்தல் உடுத்த ஏழைகள் ஓவியக் கண்காட்சியில் நின்று பெரிய மனிதர்களின் படங்களைப் பார்க்கிறார்கள். சனம் பசியில் கிடக்கச் சுவருக்கு அலங்காரம் கேட்கிறதோ என்பதுதான் குத்து. மாதிரிப்படத்தின் பெயரைக் கிண்டலுக்காக எடுத்தார்கள், கிண்டலே அந்தப் பெயரின் பொருளாகிவிட்டது.

இங்கே எங்களுக்கும் ஒரு உறவு இருக்கிறது. ஈழத்தில் பேப்பரைக் கடதாசி என்கிறோம், சீட்டாட்டத்தைக் கடதாசி விளையாட்டு என்கிறோம். தமிழகத்தில் கடிதத்தைக் கடுதாசி என்பார்கள். போர்த்துக்கேயரின் 'கார்த்தாஸ்' என்ற சொல்தான் எங்கள் வாயில் கடதாசி ஆனது. அதன் வேரைத் தோண்டினால் அரபு வழியாகப் போய் அதே கிரேக்கப் பாப்பிரசுத் தாளில் முட்டும். அதாவது கார்ட்டூன் வந்து சேர்வதற்கு முன்பே அதன் மூத்த மச்சான் இங்கே வந்து, குடியேறி, தமிழனாகவே மாறிவிட்டிருந்தான். கார்ட்டூனைப் பிறமொழிச் சொல் என்று அடித்துத் துரத்துபவர்கள் கடதாசியை என்ன செய்வார்கள் என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு.

படம் என்ற சொல்லின் கதையும் இதேபோலத்தான். படம் என்றால் முதலில் துணி. சித்திரம் துணியில் தீட்டப்பட்டதால் துணியின் பெயர் சித்திரத்துக்கு வந்தது. மயிலுக்குப் பேகன் போர்வை கொடுத்ததைப் புறநானூற்றின் 141ஆம் பாட்டில் பரணர் "படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ" என்கிறார். அந்தப் படாமும் இந்தப் படமும் ஒரே கிளை. வடசொல்லா தென்சொல்லா என்று சண்டை பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். அங்கே தாளின் பெயர் படத்துக்கு ஏறியது, இங்கே துணியின் பெயர் ஏறியது. ஆகவே கார்ட்டூனுக்குத் தமிழ் தேடும்போது 'படம்' என்று முடிகிற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இனி மூன்று பொருளையும் பிரித்து வைப்போம். தொலைக்காட்சியில் ஓடுவது அசைபடம், அல்லது இயங்குபடம். அசைவூட்டம் என்பது அதைச் செய்யும் கலைக்குப் பெயர், படத்துக்கு அல்ல. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. அதில் சிங்களம் பேசிய பக்ஸ் பனி முயலை நாடே பார்த்தது. போர்க்காலத்து வன்னிக்கு மின்சாரமே இல்லை, ரேடியோ கேட்கவே சைக்கிள் டைனமோவைச் சுற்ற வேண்டியிருந்தது. ஜெனரேட்டர் ஓடுகிற இடத்தில் எப்போதாவது ரொம் அன்ட் ஜெரி போட்டால் மொழிச் சிக்கலும் இல்லை, பூனையும் எலியும் பேசுவதே அருமை. இன்றைய பிள்ளைகளுக்குச் சுட்டி டிவி தமிழிலேயே எல்லாம் காட்டுகிறது. அதன் விளைவாக முல்லைத்தீவிலும் சில குஞ்சுகள் "வாங்கோ" என்பதை விட்டு "வாங்க" என்கின்றன. அம்மம்மாமாருக்கு அதில் பெரிய மனக்குறை.

காமிக்ஸுக்குச் சித்திரக்கதை என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதைக் குழப்பத் தேவையில்லை. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியுடன் தொடங்கியது முதல் அந்தச் சொல் வாசகர் வாயில் இருக்கிறது. கொஞ்சம் கனதியான, நூல் அளவிலான ஆக்கங்களுக்கு வரைகதை என்று இப்போது எழுதுகிறார்கள், அதுவும் நல்ல சொல். 2019இல் ஆங்கிலத்தில் வந்த 'வன்னி' என்ற நூல் அப்படியானது. ஐ.நா. பணியாளராக இங்கே வேலை செய்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொல்லொக் கட்டம் கட்டமாக வரைந்தார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை வரை போன ஒரு குடும்பத்தின் கதை. அதையும் கார்ட்டூன் புத்தகம் என்று சொன்னால் மனம் ஒப்பாது. கேலிச்சித்திரப் புத்தகம் என்றால் சொல்லவே வேண்டாம்.

பிரச்சினை அரசியல் கார்ட்டூனில்தான். இலங்கைப் பத்திரிகைகள் கேலிச்சித்திரம் என்றே எழுதிப் பழகிவிட்டன. கேலி என்பது வடமொழியில் விளையாட்டைக் குறிக்கும் சொல். ஆளின் மூக்கை நீட்டி, வயிற்றைப் பெருப்பித்து வரைகிறார்களே, அதற்கு இந்தப் பெயர் அச்சொட்டாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் அதற்குத் தனிச்சொல்லே உண்டு: கரிகேச்சர். இத்தாலியத்தில் 'சுமை ஏற்றுதல்' என்ற சொல்லிலிருந்து வந்தது, அளவுக்கு மேல் ஏற்றி வரைவது. மகிந்தவுக்குக் குரக்கன் நிறச் சால்வையைப் போட்டுவிட்டால் முகமே தேவையில்லை என்பது அந்த வகை.

ஆனால் எல்லாக் கார்ட்டூனும் கேலி செய்வதில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் இருக்கிறார்கள். அந்தத் தாய்மாரை வரைந்த ஒரு படத்தின் கீழ் 'கேலிச்சித்திரம்' என்று அச்சிட்டால் கண்ணில் குத்தாதா? ஊடகவியலாளரும் ஓவியருமான பிரகீத் எக்னெலிகொட, 2010 சனவரி 24ஆம் திகதி, சனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு காணாமல் போனார். வெறும் பகிடி விட்டவர் என்ற மாதிரியான பெயரை அவருடைய தொழிலுக்கு வைக்க எனக்கு விருப்பமில்லை.

இதற்குக் கருத்துப்படம் என்ற சொல் இருக்கிறது. படம் ஒரு கருத்தைச் சொல்கிறது, அது சிரிக்க வைக்கலாம், அழவும் வைக்கலாம். தமிழில் இந்தக் கலைக்குப் பாதை போட்டது 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழ். பாரதியார் அதன் முகப்பிலேயே கருத்துப்படம் போட்டார். எங்கள் பக்கத்தில் 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழை நடத்திய சுந்தர். "செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்" என்று எழுதி வைத்துக்கொண்டு, சவாரித்தம்பர், சின்னக்குட்டி என்ற தன் பாத்திரங்களைக் கொண்டு ஊரை வெளுத்தவர். அவருடைய படங்களில் கேலியும் கருத்தும் பிரிக்க முடியாமல் கிடக்கும், அங்கே எந்தச் சொல்லைப் போட்டாலும் குற்றமில்லை.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாகுபாடு தெரிவதில்லை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு சிரிப்புப் படத்துக்காகத் தமிழக சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்புக் கிளம்ப, சில நாளில் வெளியே விட்டார்கள். 2025 பெப்ரவரியில் அதே விகடனின் இணையத்தளமே முடங்கியது. டிரம்புக்குப் பக்கத்தில் இந்தியப் பிரதமர் விலங்குடன் இருப்பதாக வந்த படம்தான் காரணம்.

எங்கள் ஓவியர்களுக்கு ஒரு வசதி, தேர்தல் சின்னங்கள். வீடு, சைக்கிள், சங்கு, திசைகாட்டி. வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம், திசைகாட்டி தேசிய மக்கள் சக்தியின் சின்னம். மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 2024 நவம்பரில் திசைகாட்டி முதலிடம் பிடித்தபோது ஒருவர் வீட்டுக் கூரையில் ஓட்டையை வரைந்தால் போதும், கீழே வசனமே வேண்டாம். யார் பேரும் சொல்லாமல் எல்லாம் விளங்கும்.

எழுதுகிறவர்களுக்கு: அரசியல் பக்கத்தில் கருத்துப்படம், ஆளின் உருவத்தைக் கோணலாக்கினால் கேலிச்சித்திரம், திரையில் அசைபடம், புத்தகத்தில் சித்திரக்கதை அல்லது வரைகதை. வரைபவர் கருத்துப்பட ஓவியர். வீட்டில் பிள்ளை காட்டூன் கேட்டால் காட்டூனே போடலாம், அதைத் திருத்தப் போகவேண்டாம்.